மூச்சைப் பார்த்துத் திமிங்கிலத்தைச் சொல்லலாம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏப்ரல் விடுமுறையில் பிள்ளைகளை மிரிஸ்ஸவுக்குத் திமிங்கிலம் காட்டக் கூட்டிப்போகிறோம். நீலத் திமிங்கிலம் நூறு அடி என்கிறார்களே, நம் கடலிலும் அப்படியா? படகிலிருந்து எப்படி இனங்காண்பது?
(ஆசிரியை, தலவாக்கலை)

நூறு அடி என்பது அந்தாட்டிக் பக்கத்துப் பெரிய பெண் திமிங்கிலங்களின் அளவு. இலங்கையைச் சுற்றித் திரிபவை சற்றுக் கட்டையான வகை. வளர்ந்தவை பெரும்பாலும் 20 முதல் 24 மீற்றர் வரை இருக்கும். பத்தடிக் காம்பரா எட்டு வரிசையாக உள்ள லயத்தின் நீளம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் முழு உடம்பும் ஒருசேரத் தெரியாது என்பதால், நீளத்தை வைத்து இனங்காணப் பார்க்காதீர்கள்.

முதலில் மூச்சைக் கவனியுங்கள். நீலத் திமிங்கிலத்தின் மூச்சு நேர் மேலே 9 மீற்றர் வரை எழும். இங்கே தென்படும் இன்னொரு இனமான எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு மூச்சுத்துளை ஒன்றே ஒன்று. அதுவும் தலையின் முன்நுனியில், இடப்பக்கம். அதனால் அதன் மூச்சு தாழ்வாக, முன்னோக்கி இடப்புறம் சாய்ந்தே வரும். காற்றடிக்கும் நாளில் இரண்டுமே கலைந்துபோகும். அப்போது முதுகைப் பாருங்கள். நீலத் திமிங்கிலத்துக்குச் சாம்பல் நீல முதுகு, அதில் வெளிறிய திட்டுகள். அந்த நீண்ட முதுகு உருண்டு போய் முடியும் நேரத்தில்தான், வாலுக்குக் கிட்ட, சின்னஞ்சிறு துடுப்பு ஒன்று தலைகாட்டும். எண்ணெய்த் திமிங்கிலத்துக்கோ சுருங்கிய தோலும் தாழ்ந்த திமிலும்.

பலர் ஏமாறுவது பிரைட் திமிங்கிலத்தில். அதன் தலைமேல் மூன்று வரம்புகள் ஓடும், நீலத்துக்கு ஒன்றுதான். முழுகுமுன் வாலைத் தூக்கியதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம்: நீலம், எண்ணெய் இரண்டும் இங்கே வால் தூக்கும்.

விடுமுறையின் முற்பகுதியிலேயே போய்விடுங்கள். மாதம் முடியும்போது தென்கடல் கொந்தளிக்கத் தொடங்கும். பிந்தினால் திருகோணமலைதான்.

கேள்வி: திமிங்கிலம் பீய்ச்சுவது கடல்நீரா?
(மாணவன், அப்புத்தளை)

இல்லை. அழுத்தத்தோடு வெளிவரும் மூச்சு விரியும்போது குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் துளியாகிறது. துளைமேல் தேங்கிய கொஞ்ச நீரும் சளியும் சேர்ந்து தெறிக்கும், நாற்றமும் உண்டு.

கேள்வி: நீலத் திமிங்கிலம் பல் இல்லாமல் எப்படித் தின்கிறது?
(வாசகர், பண்டாரவளை)

மேல்தாடையில் பக்கத்துக்கு 270 முதல் 395 வரை கறுப்புத் தகடுகள் தொங்கும். நம் நகத்திலுள்ள கெரற்றின்தான் அதுவும். உள்விளிம்பு நார்நாராகப் பிரிந்திருக்கும். தொண்டையின் கீழுள்ள 60 முதல் 88 மடிப்புகள் விரிய, இரையோடு நீரையும் வாரிக்கொண்டு வாயை மூடும். பிறகு நாக்கு நீரை வெளியே தள்ள, இரை நாரில் சிக்கும். இலங்கைக் கடலில் பெரும்பாலும் சிறு இறால் வகைதான் அதன் சாப்பாடு. உணவுக்குழாய் குறுகியது, ஆளை விழுங்க முடியாது.