பிண்ணாக்கில் பூஞ்சை வளர்த்து பயோடீசல் எடுக்க முடியுமா?

கேள்வி: தவிடு, பிண்ணாக்கு, வைக்கோல் எல்லாம் நிறைய மிஞ்சுகிறது. இதையெல்லாம் நொதிக்க வைத்து என்சைம் எடுத்து பயோடீசல் தயாரிக்கலாம் என்று படித்தேன். பம்ப் என்ஜினுக்கு ஓடினால் போதும். நம் அளவில் நடக்குமா?

பதில்: வணக்கம் ஐயா. நடக்கும், ஆனால் முதலில் ஒன்று: கழிவு டீசலாக மாறாது. கழிவிலிருந்து நமக்குக் கிடைப்பது லைப்பேஸ் என்ற நொதி (என்சைம்) மட்டும்தான், டீசலாகிறது எண்ணெய், அதுவும் மெத்தனால் என்ற ஆல்கஹாலோடு சேர்ந்து. 100 கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ கிளிசரினும் வரும். உங்கள் கடிதத்தில் எண்ணெய் எங்கிருந்து வரும் என்பதே இல்லை, அதை யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

எண்ணெய் சுத்தமாக இருந்தால் என்சைமே வேண்டாம். மெத்தனாலோடு காஸ்டிக் சோடா போன்ற காரம் போட்டு 60 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். பொரித்து மிஞ்சியது, காறல் வாடை அடிப்பது, இந்த மாதிரி எண்ணெய்க்குத்தான் லைப்பேஸ். அமிலம் ஏறிய எண்ணெயில் காரம் போட்டால் ஒரு பகுதி சோப்பாகத் திரண்டு நிற்கும். லைப்பேஸ் அந்த அமிலத்தையும் சேர்த்தே டீசலாக்கிவிடும், 35-40 டிகிரி சூடு போதும். ஆனால் பொறுமை வேண்டும், ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும்.

வைக்கோலை விட்டுவிடுங்கள். பூஞ்சை எதைத் தின்கிறதோ அதற்கேற்ற நொதியைத்தான் சுரக்கும், வைக்கோலில் நார் உடைக்கும் நொதிதான் அதிகம் வரும். எண்ணெய்ப் பசை இருக்கும் பிண்ணாக்கோடு தவிட்டைக் கலந்தால்தான் லைப்பேஸ் கிடைக்கும். கலவையைக் கைப்பிடியில் அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. ஆவியில் வேகவைத்து ஆறியதும் ரைசோபஸ் போன்ற பூஞ்சையின் வித்தைத் தூவுங்கள். வித்து ஆய்வகத்திலிருந்து வாங்கியதாக இருக்கட்டும், ஊசிப்போன ரொட்டியிலிருந்து சுரண்டி எடுக்கிற வேலை வேண்டாம். 30 டிகிரி வாக்கில் மூன்று நாள். தட்டில் மெல்லிசாகப் பரப்புங்கள். நான் ஒருமுறை சோம்பல்பட்டு நாலு விரல் கனத்துக்குக் கொட்டி வைத்தேன், மறுநாள் நடுவில் கை வைத்தால் சுட்டது, மூன்றாம் நாள் புளித்த நாற்றம், மொத்தமும் குப்பைக்குப் போனது. வெள்ளைப் பஞ்சு மாதிரி படர்ந்து அப்புறம் கறுப்புப் புள்ளி வந்தால் சரி. மஞ்சளோ பச்சையோ தெரிந்தால் அது அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும் பூஞ்சையாகவும் இருக்கலாம், முகத்தருகே கொண்டுபோகாமல் எறிந்துவிடுங்கள்.

நொதியைப் பிழிந்து எடுக்கத் தேவையில்லை. நிழலில் காற்றாடி வைத்து நன்றாகக் காயவைத்தால் அந்தத் தவிடே என்சைம்தான், அதையே எண்ணெயில் போடலாம். வெயிலில் போட்டுச் சூடேற்றினால் நொதி செத்துவிடும்.

அடுத்தது மெத்தனால், முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். 10 லிட்டர் எண்ணெய்க்குக் கணக்குப்படி 1.25 லிட்டர் வேண்டும், ஆனால் மொத்தமாக ஊற்றினால் எண்ணெயில் கரையாமல் நிற்கிற மெத்தனால் நொதியையே கொன்றுவிடும், அதனால் மூன்று பங்காக்கி, முன்னது கரைந்து வேலை செய்தபின் அடுத்ததை ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். துளி ஈரம் நொதிக்குத் தேவை, தண்ணீர் கூடினால் எண்ணெய் அமிலமாகவே நின்றுவிடும். மெத்தனால் உள்ளே போனால் கண் பார்வை போகும், அதன் ஆவியை முகர்வதும் கெடுதல், பற்றினால் பகலில் தீயே கண்ணுக்குத் தெரியாது. ஆகையால் திறந்த வெளி, வெந்நீர்த் தொட்டிச் சூடு, அடுப்பு பக்கத்திலேயே கூடாது.

வடிகட்டி, கிளிசரின் அடியில் படிந்ததும் மேலே நிற்பதைப் பிரித்து, மிச்ச மெத்தனாலைப் போக்கி, 3 மில்லி எடுத்து 27 மில்லி மெத்தனாலில் கலக்கிப் பாருங்கள். தெளிவாகக் கரைந்தால் ஓரளவு நம்பலாம். அடியில் எண்ணெய்ச் சொட்டு உட்கார்ந்தால் இன்னும் மாறவில்லை, அதை என்ஜினில் ஊற்றினால் இன்ஜெக்டரில் கரி பிடிக்கும். தேறினாலும் முதலில் டீசலோடு ஐந்துக்கு ஒரு பங்கு கலந்து ஓட்டுங்கள். பழைய என்ஜின் என்றால் ரப்பர் குழாய் ஊதிப்போகிறதா என்று பாருங்கள். டேங்கில் ஒட்டியிருந்த பழைய அழுக்கையும் இது கரைத்துக் கொண்டுவரும், அதனால் கையில் ஒரு ஃபில்டர் கூடுதலாக இருக்கட்டும்.

வேலை முடிந்த தவிட்டை மாட்டுக்கு வைத்துவிடாதீர்கள். மெத்தனால் ஆவியாகும்வரை வெளியில் பரப்பி வைத்து, அப்புறம் எருக்குழியில் போடுங்கள்.