ஏ எது, பி எது? தொடர்பு மாட்யூல் குறித்த வாசகர் கேள்விகள்

எஸ்7-1200 பி.எல்.சி.க்கு (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) சி.எம். 1241 தொடர்பு மாட்யூல் வாங்கினோம். வலது கோடியில் கடைசி மாட்யூலுக்கு அடுத்து மாட்டப் பார்த்தால் சேரவில்லை. பொருளில் குறையா? (ஓசூர் வாசகர்)

பொருளில் குறையில்லை, பக்கம்தான் தவறு. இந்த வகையில் உள்ளீட்டு, வெளியீட்டு மாட்யூல்கள் சி.பி.யு. எனும் மையப் பெட்டிக்கு வலப்புறம், தொடர்பு மாட்யூல்கள் இடப்புறம், அதிகபட்சம் மூன்று. சி.பி.யு.வின் இடப்பக்கச் சிறு மூடியைக் கழற்றி, முதலில் மாட்யூலை அதனுடன் சேர்த்து, பிறகு இரண்டையும் ஒன்றாக ரெயிலில் மாட்டுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்குச் சலிக்காது.

தொடர்புக் கம்பி மாட்டும் இடத்தில் ஒரு சாதனத்தில் ஏ என்று இருப்பது இன்னொன்றில் பி போல நடக்கிறது. எதை நம்புவது?

பெயரை நம்பாதீர்கள். ஆர்.எஸ்.-485 இணைப்பில் (சாதனங்கள் ஒரு ஜோடிக் கம்பியில் பேசும் முறை) ஏ, பி எழுத்துகளைத் தயாரிப்பாளர்கள் ஆளுக்கொரு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். பிளஸ், மைனஸ் குறி இருந்தால் அதைப் பாருங்கள். பேச்சே இல்லையென்றால் இரண்டு கம்பிகளையும் மாற்றிப் போடுங்கள், எதுவும் எரிந்துவிடாது. புரொஃபிபஸ் என்ற தொழிற்சாலைத் தொடர்பு முறையின் கேபிளில் மட்டும் குழப்பமில்லை: பச்சை ஏ, சிவப்பு பி.

மின்சார மீட்டரிலிருந்து வோல்டேஜ் படித்தால் எப்போதும் 0 வருகிறது. மீட்டரின் திரையில் 230 தெரிகிறது.

பேச்சு நடக்கிறது, பொருள்தான் புரியவில்லை. தசம எண் இரண்டு ரெஜிஸ்டர்களில் (சாதனம் எண்களை வைத்திருக்கும் நினைவு அறைகள்) வருகிறது, அறைக்கு ஒரு சொல். 230 என்பது பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) 4366, 0000 என்ற இரண்டு சொற்கள். முன்பின் மாறினால் 0000, 4366 ஆகி, 0 என்றே சொல்லத்தக்க மிகச் சிறிய எண்ணாகிவிடும். பி.எல்.சி.யில் இரண்டு சொற்களையும் இடம் மாற்றுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் முகவரியை ஒன்று கூட்டியும் ஒன்று குறைத்தும் பாருங்கள். கையேட்டில் 40101 என்று இருப்பதைச் சில பி.எல்.சி.க்கள் 40101 என்றே கேட்கும். வேறு சில 100 என்று கேட்கும். சொல் வரிசை, முகவரி இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள்.

புதிதாக ஒரு டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) சேர்த்தோம். அதுவரை நன்றாக இருந்த பழைய டிரைவும் நின்றுவிட்டது.

இரண்டுக்கும் ஸ்லேவ் முகவரி (பி.எல்.சி. அந்தச் சாதனத்தை அழைக்கும் எண்) 1 ஆக இருக்கும். புதியதை மாற்றுங்கள்.

நூற்பாலையில் 12 டிரைவ்கள், ஒரு பி.எல்.சி. மோட்டார்கள் நிற்கும்போது தொடர்பு சரியாக இருக்கிறது, ஓடத் தொடங்கியதும் அறுபடுகிறது. தொடர்பு மாட்யூலை இரண்டு முறை மாற்றிவிட்டோம். இன்னும் விலை உயர்ந்த மாட்யூல் வாங்கலாமா? (கோவை வாசகர்)

வாங்காதீர்கள். நீளமான கடிதத்தில் மாட்யூலின் விலையை எழுதியிருக்கிறீர்கள். கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு வரி எழுதவில்லை. பல ஆண்டுகளாக இதே கதையைப் பார்த்து எனக்குக் கோபமே வருகிறது. தொடர்பு கெட்டால் எல்லோரும் முதலில் மாட்யூலைத்தான் கழற்றுகிறார்கள். குற்றவாளி பத்தில் எட்டு முறை கம்பி.

மல்டிமீட்டரை எடுங்கள். பி.எல்.சி., டிரைவ்கள் எல்லாவற்றின் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, ஏ, பி இரண்டுக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். கேபிளின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை இருந்தால் மீட்டர் ஏறக்குறைய 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையில் இல்லை. 40 என்றால் யாரோ நடுவில் மூன்றாவதைப் போட்டிருக்கிறார்கள். இப்படித்தான் ஒரு ஆலையில் நான் அளந்தபோது மீட்டர் 10 காட்டியது. அங்கும் 12 டிரைவ்கள். ஒவ்வொன்றின் முன்மூடியையும் திறந்து பார்த்தேன்: டெர்மினல் கட்டைக்குப் பக்கத்தில் அந்த 120 ஓம் மின்தடையைச் சேர்க்கும் நகம் அளவு வெள்ளைச் சுவிட்ச், பன்னிரண்டிலும் மேலே தள்ளியிருந்தது. 120-ஐ 12-ஆல் வகுத்தால் 10, கணக்கு சரியாக இருந்தது. பேனாமுனையால் பத்தைக் கீழே தள்ளினோம். அதற்கு முன் அவர்கள் வாங்கிய இரண்டு மாட்யூல்களும் பிரிக்காத பெட்டியுடன் அலமாரியில் இருந்தன.

அடுத்து வழித்தடம். ஆர்.எஸ்.-485 கேபிள் ஒரு சாதனத்திலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். பேனலில் ஒரு டெர்மினலில் சேர்த்து, அங்கிருந்து பன்னிரண்டு கிளைகளாகப் பிரித்தால் எந்த மாட்யூலும் உங்களைக் காப்பாற்றாது. உங்கள் அறிகுறியைப் பார்த்தால், மோட்டாருக்குப் போகும் கேபிளும் தொடர்புக் கேபிளும் ஒரே டிரேயில் படுத்திருக்கின்றன என்றே நினைக்கிறேன். ஓர் அடி இடைவெளி விடுங்கள். குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்க விடுங்கள். ஷீல்டை (கேபிளின் உலோகப் பின்னலை) முறுக்கி நீண்ட வால்போல எர்த்துக்குக் கொண்டுபோகாதீர்கள். உறையைச் சீவி, பின்னலைச் சுற்றிலும் கிளிப் அழுத்திப் பிடிக்கும்படி பேனலின் உலோகத் தகட்டோடு இணைக்க வேண்டும். சாதனங்களின் சிக்னல் கிரவுண்டை இணைக்கும் பொதுக் கம்பியையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு கம்பி போதும் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் பாதிதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒரு திருத்தம் செய்து, ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, அடுத்ததைச் செய்யுங்கள். அப்போதுதான் எது காரணம் என்று தெரியும்.

விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் எல்லா டிரைவ்களையும் படிக்க 7 விநாடி ஆகிறது. வேகத்தை 115200 ஆக்கலாமா?

ஆக்கலாம், ஆனால் பிரச்சினை அங்கே இல்லை. 9600-இல் ஓர் எழுத்துக்கு (பைட்) ஒரு மில்லி விநாடிக்குச் சற்று மேல் ஆகிறது. பத்து ரெஜிஸ்டர்களை ஒரே கோரிக்கையில் படித்தால், போக வர 33 எழுத்துகள். இடைவெளி, டிரைவ் யோசிக்கும் நேரம் எல்லாம் சேர்த்து 60 மில்லி விநாடி. 12 டிரைவ்களுக்கு முக்கால் விநாடி போதும். நீங்கள் ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் தனித்தனிக் கோரிக்கை அனுப்புகிறீர்கள் போலிருக்கிறது. அடுத்தடுத்த முகவரிகளை மொத்தமாகக் கேளுங்கள். மாட்பஸ் (இந்தச் சாதனங்கள் கேள்வி பதிலாகப் பேசும் நெறிமுறை) ஒரு கோரிக்கைக்கு 125 ரெஜிஸ்டர் வரை தரும். முந்தைய கோரிக்கை முடிந்தது அல்லது பிழை என்று தெரிந்த பிறகே அடுத்ததை அனுப்புங்கள்.

புரொஃபிநெட் (ஈதர்நெட் வழித் தொழிற்சாலைத் தொடர்பு முறை) சாதனம் பிங் செய்தால் (இணைப்பில் இருக்கிறதா என்று கேட்டால்) பதில் தருகிறது, பி.எல்.சி.யில் சிவப்பு விளக்கு.

ஐ.பி. முகவரியைப் பார்க்காதீர்கள், சாதனத்தின் பெயரைப் பாருங்கள். புரொஃபிநெட் பெயரை வைத்துத்தான் தேடும். ஓர் எழுத்து மாறினாலும் கிடைக்காது.

வீட்டிலிருந்து கைப்பேசியில் ஆலையின் அளவுகளைப் பார்க்க வேண்டும். ரூட்டரில் மாட்பஸுக்கான 502 போர்ட்டை (வெளியிலிருந்து வரும் வாசல்) திறந்துவிட்டால் போதும் என்று ஒருவர் சொல்கிறார்.

திறக்காதீர்கள். மாட்பஸ் 1979-இல் பிறந்தது. அதில் கடவுச்சொல் என்று ஒன்றே கிடையாது. நீங்கள் படிக்க முடிந்தால் உலகில் யாரும் படிக்கலாம், எழுதவும் செய்யலாம், உங்கள் மோட்டாரையும் நிறுத்தலாம். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிகிப்பா ஊரின் குடிநீர் அமைப்பில் ஒரு பி.எல்.சி.யை வெளியாட்கள் கைப்பற்றினார்கள். இணையத்துக்குத் திறந்து வைத்து, தயாரிப்பாளர் வைத்து அனுப்பிய 1111 என்ற கடவுச்சொல்லை மாற்றாமல் விடும் பழக்கத்தைத்தான் அப்போது அந்நாட்டு அரசு எச்சரித்தது. 2015 டிசம்பரில் உக்ரைனின் துணை மின்நிலையங்களில் புகுந்தவர்கள், சீரியல் இணைப்பை ஈதர்நெட்டாக மாற்றும் சிறு பெட்டிகளின் உள்மென்பொருளையே அழித்தார்கள். உங்கள் பேனலிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கும்.

வி.பி.என். (இணையத்தில் மறையாக்கப்பட்ட தனிப் பாதை) வசதியுள்ள ரூட்டர் போட்டு, அதன் வழியே மட்டும் பாருங்கள். கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். அளவுகளைப் பார்ப்பது மட்டும்தான் தேவை என்றால், எழுதும் அனுமதியைக் கொடுக்கவே வேண்டாம்.

மாட்யூல் வேலை செய்யவில்லை. அவசரம்.

மாடல் எண், எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது, வேகம், பாரிட்டி, ஸ்டாப் பிட், ஸ்லேவ் முகவரி, ஏ, பி இடையே அளந்த ஓம், திரையில் வரும் பிழை எண். இவற்றை எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் முதல் பதில் உங்களுக்கு.