மூன்று வயதுக் குழந்தை: அங்கன்வாடியா, தனியார் எல்.கே.ஜி.யா?

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறோம். மகளுக்கு மூன்று வயது. எங்கே சேர்ப்பது? மற்ற நாடுகளில் எப்படி?

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வயதுக்கு 1975-இல் வந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்தான், அதாவது நம் அங்கன்வாடி. பிரான்சில் 2019 முதல் மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம். பின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளி. அதற்கு முன் பெரும்பாலும் விளையாட்டுதான்.

அமெரிக்காவில் 1962-இல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி ஆய்வில் ஏழைக் குடும்பங்களின் 123 குழந்தைகள் இருந்தார்கள். நல்ல பாலர் பள்ளியில் படித்தவர்கள் நாற்பது வயதில் மற்றவர்களைவிட அதிகம் சம்பாதித்தார்கள், கைதானவர்களும் குறைவு. சிறிய ஆய்வுதான், ஆனால் அங்கே ஓர் ஆசிரியருக்கு ஆறேழு குழந்தைகள்தான் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே பெயர்ப் பலகையைப் பார்க்காதீர்கள். காலை பத்தரைக்கு நேரில் போய் நில்லுங்கள். பிள்ளைகள் பேசுகிறார்களா, கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்களா? மூன்று வயதில் நோட்டுப் புத்தகமும் வீட்டுப்பாடமும் கொடுக்கும் இடம் என்றால், எவ்வளவு ஃபீஸ் வாங்கினாலும் நான் சேர்க்க மாட்டேன். டீச்சர் பொறுமையானவர், கழிப்பறை சுத்தம் என்றால் அங்கன்வாடி தாராளமாகப் போதும். சத்துமாவும் முட்டையும் கூடுதல் லாபம்.

வீட்டில் ஆச்சி இருந்தால் சாயங்காலம் பல்லாங்குழியை எடுக்கச் சொல்லுங்கள். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை போட்டு எண்ணும்போதே கணக்கு வந்துவிடும். கொட்டையை வாயில் போடாமல் மட்டும் பக்கத்தில் இருங்கள்.