கம்பெனி இணைகிறது, ராஜினாமாக் கடிதம் கேட்கிறார்கள்: கொடுக்கலாமா?

கேள்வி: கோவையில் பம்ப் உதிரி பாகங்கள் தயாரிக்கும் நிறுவனத்தில் 4 ஆண்டு 3 மாதங்களாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எனக்குக் கீழே மூன்று பேர். எங்கள் நிறுவனம் புனேயில் உள்ள பெரிய நிறுவனத்துடன் இணைந்துவிட்டது. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, புதிய நியமனக் கடிதத்தில் கையெழுத்திடச் சொல்கிறார்கள். வெளியில் மாதம் 5,000 ரூபாய் கூடுதலாக ஒரு வேலை கிடைக்கிறது. இருக்கவா, போகவா?

பதில்: முதலில் அந்த ராஜினாமாக் கடிதத்தை எழுதாதீர்கள். இருப்பதா போவதா என்பதைப் பிறகு யோசிக்கலாம். அந்த ஒரு தாள் உங்கள் நான்கேகால் ஆண்டுகளையும் அழித்துவிடக்கூடும்.

நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைக்க ஐந்து ஆண்டுத் தொடர் பணி வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது மாறவில்லை. இதற்குக் கணக்கில் எடுக்கும் உங்கள் மாதச் சம்பளம் 36,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கு 21,000. ஐந்து ஆண்டுக்கு 1,05,000. இன்னும் ஒன்பது மாதம் பொறுத்தால் இந்தத் தொகை உங்களுடையது. வெளி வேலையில் அதே ஒன்பது மாதத்தில் கூடுதலாகக் கிடைப்பது 45,000. நான்கு ஆண்டும் ஐந்தாம் ஆண்டில் 240 நாளும் முடிந்தாலே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் பல நிறுவனங்கள் இதில் வாதாடும் என்பதால், முழு ஐந்து ஆண்டையே கணக்கில் வையுங்கள்.

இணைப்புக்காக ஊழியர் ராஜினாமா செய்ய வேண்டிய அவசியமே பொதுவாக இல்லை. பங்குகள் மட்டும் கைமாறியிருந்தால், உங்களுக்கு வேலை கொடுத்த நிறுவனம் மாறவே இல்லை. தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் வழியாக இணைந்திருந்தால், அந்த இணைப்புத் திட்டத்தில் ஊழியர்களைப் பற்றி ஒரு பத்தி இருக்கும்: பணி முறியாது, நிபந்தனைகள் குறையாது என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அதன் நகலைக் கேளுங்கள். கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 27 அன்று டி.பி.எஸ். வங்கியுடன் இணைந்தபோது பங்குதாரர்களின் முதலீடு முழுவதும் போயிற்று. ஊழியர்கள் அதே சம்பளத்தில் தொடர்வார்கள் என்பது மட்டும் திட்டத்திலேயே இடம்பெற்றது. உங்களுக்கு இந்தப் பத்தி இன்னும் முக்கியம். மூன்று பேரை மேற்பார்வையிடுவதால், தொழிலாளருக்கு உரிய தனிச் சட்டப் பாதுகாப்பு உங்களுக்குப் பொருந்தாது என்று அவர்கள் சொல்ல இடமிருக்கிறது.

எச்.ஆர். பிரிவுக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள்: "நான் பணியில் தொடர்கிறேன். என் முதல் சேர்க்கை தேதி முதல் பணி முறியாமல் கணக்கிடப்படும் என்பதைக் கடிதத்தில் குறிப்பிட்டுத் தாருங்கள்." வாய்மொழி உறுதி போதாது.

புதிய கடிதம் வந்ததும் சம்பளத்தோடு நின்றுவிடாதீர்கள். நோட்டீஸ் காலம் ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக நீண்டிருக்கிறதா? இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற வரி நுழைந்திருக்கிறதா? மருத்துவக் காப்பீட்டில் பெற்றோர் இன்னும் இருக்கிறார்களா? வயதான பெற்றோருக்குத் தனியாகக் காப்பீடு எடுக்கும் செலவே அந்த 5,000 ரூபாயில் பெரும்பகுதியை விழுங்கிவிடலாம்.

இனி வேலையின் ஆயுள். உள்ளதை உள்ளபடியே சொல்கிறேன். இரண்டு நிறுவனங்கள் சேர்ந்தால் இரட்டிப்பாகி, ஆள் மிகையாவது கணக்கு, சம்பளப் பட்டியல், கணினிப் பிரிவுகள்தாம். இயந்திரத்தருகே நிற்பவருக்கு இருக்கும் பாதுகாப்பு உங்கள் நாற்காலிக்கு இல்லை. ஆனால் அது உடனே போகாது. பழைய கணக்குகளை முடிக்கவும், நிலுவைகளைச் சரிபார்க்கவும், வரித் துறையின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் பழைய ஆட்கள் வேண்டும். ஓராண்டு போல உங்கள் கை தேவைப்படும். அதன்பிறகுதான் கவலை. உங்கள் ஐந்து ஆண்டு அதற்குள் முடிந்துவிடும்.

ஆகவே இப்போதைக்கு இருங்கள். அந்த ஒன்பது மாதத்தைச் சும்மா கழிக்காதீர்கள். நீங்கள் டேலியில் மட்டுமே பழகியவர் என்றால், புனே அலுவலகம் பயன்படுத்தும் மென்பொருளில் கணக்கை மாற்றும் குழுவில் இடம் கேளுங்கள். அந்த அனுபவம் உங்களுக்கு அங்கேயும் உதவும், வெளியிலும் உதவும்.

பணியைத் தொடர்ச்சியாகக் கணக்கிட எழுத்தில் மறுத்தாலோ, உங்களைப் புனேக்குப் போகச் சொன்னாலோ என் பதில் வேறு. கையெழுத்திடுவதற்கு முன் ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் எல்லாத் தாள்களையும் காட்டுங்கள். வெளி வேலை தருகிறவர்களிடமும் கதவை மூடிவிடாமல், சேர்வதற்குக் கூடுதல் அவகாசம் கிடைக்குமா என்று இந்த வாரமே கேட்டுவையுங்கள்.