ஃபேன் சுற்றி அணைந்து அணைந்து வரும் லேப்டாப்: ரேமைப் பாருங்கள்

நண்பரே, இரண்டாவது ரேம் போட்டதிலிருந்து விளக்கு எரிகிறது, ஃபேன் ஐந்து நொடி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வராமல் அணைந்து மறுபடி அதையே செய்கிறது என்கிறீர்கள். தயவுசெய்து ஃபார்மட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். விண்டோஸ் வரைக்கும் மெஷின் போகவே இல்லை.

சார்ஜரை எடுத்துவிட்டு, பின்மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். அதற்குப் பிறகுதான் ரேமில் கை வைக்க வேண்டும். இரு பக்கக் கொக்கிகளையும் வெளியே தள்ளினால் அது சாய்வாக எழும். தங்கநிறப் பற்களை பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை பிரஷ்ஷால் தட்டுங்கள். வாயால் ஊதினால் ஈரம் படியும். திரும்ப மாட்டும்போது சாய்த்தபடியே கடைசிவரை செருகுங்கள். பற்கள் ஏறக்குறைய முழுதும் மறைந்த பிறகே கீழே அழுத்துங்கள். பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான்: அரைகுறையாகச் செருகினாலும் சில நேரம் கொக்கி 'டிக்' என்று மாட்டிவிடும்.

பேட்டரியை மாட்டி, பழைய ரேமோடு மட்டும் முதலில் ஆன் செய்யுங்கள். வந்துவிட்டால், அதே ஸ்லாட்டில் புதியதை மட்டும் போடுங்கள். அதில் வராவிட்டால் வாங்கிய கடையில் புது ரேமை மாற்றித் தரச் சொல்லுங்கள். வந்தால் இரண்டாவது ஸ்லாட்டைச் சந்தேகப்படுங்கள். ரேம் டிடிஆர்5 என்ற புதிய வகை என்றால், புது ரேமோடு முதல் தடவை சில நிமிடம் கறுப்புத் திரையாகவே நிற்கலாம், பதறி அணைக்காதீர்கள். பழையதிலும் இதே கதை என்றால் போர்டின் பவர் பகுதியை சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள்.