பால் குடிக்கும்போது வியர்க்கும் குழந்தை

கடிதத்தில் ஆறு கவலைகளை அடுக்கியிருக்கிறீர்கள்; நடுவே போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒன்றுதான் என்னை நிறுத்தியது. ஏழு வாரக் குழந்தை ஐந்து நிமிடம் பால் குடிப்பதற்குள் நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, மார்பை விட்டுவிட்டு அசந்து தூங்கிவிடுகிறது என்கிறீர்கள். பிறந்தபோது எல்லாம் சரியாக இருந்த இதயத்தில் இப்போது எப்படி ஓட்டை வரும் என்பதே உங்கள் உண்மையான அச்சம்.

ஓட்டை இப்போது வராது. இருந்தால் பிறவியிலேயே இருந்திருக்கும். பிறந்த புதிதில் நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் அதிகம் என்பதால், இதயத்தின் கீழறைகளுக்கு இடையே பெரிய ஓட்டையே இருந்தாலும் அதன் வழியே இரத்தம் அதிகம் பாயாது, ஸ்டெதாஸ்கோப்பில் ஒலியும் கேட்காமல் போகலாம். அந்த அழுத்தம் சில வாரங்களில் தணியும்போதுதான் நுரையீரலுக்குள் இரத்தம் பெருகிக் குழந்தைக்கு மூச்சு வாங்கத் தொடங்கும். பிறந்த மறுநாள் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் (இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவி) 98 காட்டியதும் இதை மறுக்காது. அந்தக் கருவி ஆக்ஸிஜன் குறையும் கோளாறுகளைத்தான் பிடிக்கும்.

கைக்குழந்தைக்குப் பால் குடிப்பது நாம் மாடிப்படி ஏறுவதற்குச் சமமான உழைப்பு. இந்த வயதில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் எடை ஏற வேண்டும். உங்கள் குழந்தை மூன்று வாரத்தில் 200 கிராம்தான் ஏறியிருக்கிறது. கடிதத்தை வைத்து இதயக் கோளாறு என்று முடிவு கட்ட முடியாது என்றாலும், ஓரிரு நாளில் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டி எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்துவிடுங்கள். அதற்குள், தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்: 60 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, உதடும் நாக்கும் நீலம் பூத்தாலோ, குழந்தை பாலையே மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

உங்கள் மற்ற கவலைகளுக்கு வருகிறேன். குளிரில் கை கால் மட்டும் நீலமாவது, தூக்கத்தில் சில நொடி மூச்சு நின்று தொடர்வது, விக்கல் ஆகியவை பெரும்பாலான குழந்தைகளுக்கு உள்ளவை. பெரியவர்கள் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரைக் குழந்தையின் காலில் மாட்டி வீட்டில் குறித்த எண்களைத் தூக்கி எறியுங்கள். காணொளி பார்த்து வாங்கிய வாயுச் சொட்டு மருந்தையும் நிறுத்துங்கள்.

எக்கோவில் ஊசியோ கதிர்வீச்சோ இல்லை. போகும்போது எடைக் குறிப்பேட்டோடு, பால் குடிக்கும் அந்த ஐந்து நிமிடத்தையும் கைப்பேசியில் படமெடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முன்னால் குழந்தை பெரும்பாலும் அதைச் செய்து காட்டாது.