ஹஸ்னா பென்ஹஸ்ஸி: கோச்சிடம் சில கேள்விகள்

இந்த முறை பெண்கள் 800 மீட்டர், அதிலும் மொராக்கோவின் ஹஸ்னா பென்ஹஸ்ஸி பற்றி மட்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி அவரைப் பற்றி, மீதி பி.டி. உஷாவைப் பற்றி. சரி, வந்த வரிசையிலேயே போவோம்.

யார் சார் இவர்? பெயரே கேள்விப்பட்டதில்லை.

1978-ல் மராகேஷ் நகரில் பிறந்தவர். 2000 சிட்னி ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதிப் போட்டியில் எட்டாவதாக, அதாவது கடைசியாக வந்தார். அடுத்த வருடமே லிஸ்பனில் நடந்த உலக உள்ளரங்கப் போட்டியில் 1500 மீட்டர் தங்கம், நேரம் 4:10.83. அப்புறம் 800-ல் வரிசையாக: 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வெள்ளி, 2005 ஹெல்சிங்கி உலகப் போட்டி வெள்ளி, 2007 ஒசாகா உலகப் போட்டி வெள்ளி, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் வெண்கலம். நடுவில் 2006 மாஸ்கோ உள்ளரங்கத்தில் ஒரு வெண்கலம்.

ஒலிம்பிக்கில் தங்கம் வாங்காதவருக்கு ஏன் ஒரு முழுப் பகுதி?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மேலே சொன்ன நான்கு பெரிய இறுதிப் போட்டிகளிலும் யார் ஜெயித்தார்கள் என்று பாருங்கள். ஏதென்ஸில் பிரிட்டனின் கெல்லி ஹோம்ஸ், ஹெல்சிங்கியில் கியூபாவின் சூலியா கலதயூத், ஒசாகாவில் கென்யாவின் ஜேனத் ஜெப்கோஸ்கெய், பெய்ஜிங்கில் அதே கென்யாவின் பமேலா ஜெலிமோ. நான்கு போட்டி, நான்கு சாம்பியன்கள். அந்த நான்கு மேடைகளிலும் ஏறிய ஒரே ஆள் ஹஸ்னா.

இப்போது அவருடைய நேரத்தைப் பாருங்கள். ஏதென்ஸில் 1:56.43, ஒசாகாவில் 1:56.84, பெய்ஜிங்கில் 1:56.73. நான்கு ஆண்டுகளில் மூன்று ஓட்டம், மூன்றுக்கும் நடுவே அரை வினாடி வித்தியாசம்கூட இல்லை. அவர் ஓடியது கிட்டத்தட்ட ஒரே ஓட்டம். பதக்கத்தின் நிறம் மாறியது எதிரில் யார் வந்தார்கள் என்பதால்தான். ஏதென்ஸில் 1:56.38 தங்கத்துக்குப் போதும். பெய்ஜிங்கில் பதினெட்டு வயது ஜெலிமோ 1:54.87 ஓடிவிட்டார். அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

ஓட்ட முறையையும் சொல்லிவிடுகிறேன். ஹஸ்னா காத்திருந்து ஓடுபவர். முதல் சுற்றில் முன்னே போய்க் காற்றை வாங்க மாட்டார், கூட்டத்தோடு வந்து கடைசி நூறு நூற்றைம்பது மீட்டரில்தான் கை வைப்பார். முன்னால் போகிறவர்கள் கடைசியில் தளர்ந்தால் இந்த முறை அருமையாக வேலை செய்யும். ஏதென்ஸில் அமெரிக்காவின் ஜியர்ல் மைல்ஸ் கிளார்க் முதல் சுற்றை வேகமாக இழுத்தார், பிறகு மொசாம்பிக்கின் மரியா முட்டோலா முன்னிலை எடுத்தார். இருவருமே கடைசி நேர்க்கோட்டில் தடுமாறினார்கள். பின்னாலிருந்து வந்த ஹோம்ஸும் ஹஸ்னாவும் தாண்டினார்கள். ஒசாகாவில் ஜெப்கோஸ்கெய் துப்பாக்கி வெடித்ததிலிருந்தே முன்னால் போனார், கடைசிவரை தளரவே இல்லை. காத்திருப்பவருக்கு அந்த மாதிரி எதிராளி வாய்த்தால் வெள்ளிதான்.

அதற்காக ஹஸ்னாவும் முன்னால் ஓடியிருக்க வேண்டும் என்று எழுதாதீர்கள். தன் உடம்புக்குப் பொருந்தாத ஓட்டத்தை ஓடப் போய் ஆறாவதாக வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏதென்ஸில் ஹஸ்னாவுக்கும் ஸ்லோவேனியாவின் யோலாண்டா செப்லாக்குக்கும் ஒரே நேரம் 1:56.43 என்று போட்டிருக்கிறதே? பிறகு ஒருவருக்கு வெள்ளி, ஒருவருக்கு வெண்கலம் எப்படி?

திரையில் காட்டுவது நூறில் ஒரு பங்கு வரை. ஃபோட்டோ ஃபினிஷ் படத்தை அதற்கும் கீழே, ஆயிரத்தில் ஒரு பங்கு வரை படிக்கலாம். அந்தப் படத்தில் ஹஸ்னா முன்னால். அன்று முதல் நால்வருக்கு நடுவே 0.13 வினாடிதான்: ஹோம்ஸ் 1:56.38, ஹஸ்னா, செப்லாக் இருவரும் 1:56.43, முட்டோலா 1:56.51. ஹோம்ஸுக்கே தான் ஜெயித்தது உடனே தெரியவில்லை, கண்ணை அகல விரித்துக்கொண்டு திரையைத் தேடிய முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

எப்போதும் சொல்வதுதான், மறுபடியும் சொல்கிறேன். கோட்டில் கணக்கு நெஞ்சும் வயிறும் உள்ள நடு உடம்புக்கு மட்டும். தலை, கழுத்து, கை, கால் எதற்கும் கணக்கில்லை. "கால் முன்னாடி இருந்துச்சே" என்று யாரும் படம் அனுப்ப வேண்டாம்.

1984 லாஸ் ஏஞ்சலஸில் தங்கம் வாங்கிய மொராக்கோ 800 மீட்டர் வீராங்கனையை மறந்துவிட்டீர்களே?

நவால் எல் மௌதவக்கில். அவர் ஓடியது 400 மீட்டர் தடை ஓட்டம். நடுத்தொலைவு இல்லை.

நவால் தங்கம் வாங்கியதால்தானே உஷா பதக்கத்தை இழந்தார்?

இல்லை. நவால் 54.61-ல் ஜெயித்தார். அமெரிக்காவின் ஜூடி பிரவுன் 55.20. மூன்றாவது ருமேனியாவின் கிறிஸ்தியானா கொஜோகாரு 55.41, உஷா 55.42. நம்மிடமிருந்து வெண்கலத்தை எடுத்தது ருமேனியா. நவால் வேறு ஊரில் ஓடிக்கொண்டிருந்த மாதிரி முன்னால் இருந்தார்.

அரையிறுதியில் உஷா ஜூடி பிரவுனையே ஜெயித்தாரே! இறுதியில் முதல் ஸ்டார்ட் ஃபால்ஸ் ஆகாமல் இருந்திருந்தால் தங்கமே வந்திருக்கும்.

அரையிறுதியில் ஜெயித்தது உண்மை, 55.54. ஆனால் தங்கத்துக்குத் தேவைப்பட்டது 54.61. தடை ஓட்டத்தில் ஒரே நாளில் அந்த வித்தியாசத்தைத் தாண்டுவது லேசான காரியமில்லை. வெண்கலம் வந்திருக்கலாம் என்றால் முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். கோட்டில் நெஞ்சைச் சரியாகத் தள்ளியிருந்தால் அந்த நூறில் ஒரு பங்கு நம் பக்கம் வந்திருக்கும். ஹஸ்னா ஏதென்ஸில் பதக்கத்தின் நிறத்தைக் காப்பாற்றிக்கொண்ட இடமும் அதுதான்.

சோவியத் நாடுகள் புறக்கணித்ததால்தான் நவாலுக்குத் தங்கம். இதையும் எழுதுங்கள்.

எழுதுகிறேன். அந்த ஜூன் மாதம் சோவியத்தின் மார்கரித்தா பொனமார்யோவா 53.58 ஓடி உலக சாதனை வைத்திருந்தார், ஆகஸ்டில் அவர் வரவில்லை. உண்மை. ஆனால் அவர்கள் வந்திருந்தால் உஷாவும் நான்காவதாக வந்திருக்க மாட்டாரே? ஒரே கணக்கை ஒருவருக்கு மட்டும் போடக் கூடாது.

நவாலின் பெருமை அந்த நேரத்தோடு முடிவதும் இல்லை. பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் நடந்ததே அப்போதுதான் முதல் முறை. ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் அரபுப் பெண்ணும் அவர்தான். அவருக்குப் பின்னால் நெஸ்ஹா பிதுவான் 1997-லும் 2001-லும் அதே போட்டியில் உலக சாம்பியன் ஆனார். ஸஹ்ரா வாஸிஸ் 1999 உலகப் போட்டியில் 5000 மீட்டர் வெள்ளி. ஹஸ்னா டிராக்குக்கு வரும்போது மொராக்கோவில் பெண்கள் ஓடுவது புதுமையாக இருந்த காலம் கடந்துவிட்டது. அந்தக் கதவைத் திறந்தவர் நவால். உஷா பேச்சு இதோடு போதும்.

உஷா பற்றி ஒரு சின்னச் சந்தேகம்...

அடுத்தவர்.

மொராக்கோ என்றாலே ஊக்கமருந்துதானே சார்?

இப்படி மொத்தமாக ஒரு நாட்டின் மேல் எழுதுவதை நான் ஏற்பதில்லை. மாட்டியவர்கள் இருக்கிறார்கள், மறைக்க வேண்டியதில்லை. மரியம் அலாவி செல்சூலி 1500 மீட்டர் ஓடுபவர், ஏற்கெனவே ஒரு ஊக்கமருந்துத் தடை முடிந்து திரும்பி வந்தவர். 2012 ஜூலையில் பாரிஸில் 3:56.15 ஓடினார், அந்தப் பரிசோதனையில் ஃபியூரோசெமைடு சிக்கியது. அது சிறுநீரைப் பெருக்கும் மருந்து. வேறு மருந்தின் தடயத்தை மறைக்க உதவும் என்பதால் தடைப் பட்டியலில் இருக்கிறது. லண்டன் ஒலிம்பிக் போயிற்று, எட்டு வருடத் தடை.

ஆனால் அது செல்சூலியின் கணக்கு. அதை ஹஸ்னாவின் தலையில் எழுதாதீர்கள். ஏதென்ஸில் ஹஸ்னாவோடு ஒட்டி வந்த செப்லாக் 2007-ல் ரத்தச் சிவப்பணுவைப் பெருக்கும் இ.பி.ஓ. மருந்தில் மாட்டி இரண்டு வருடம் தடை வாங்கினார், அவர் மொராக்கோ இல்லையே? ஆள் பெயரும் வருடமும் தெரியாமல் யாரையும் மருந்துக்காரர் என்று சொல்லாதீர்கள். என் மாணவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

ஹஸ்னாவின் கணவரும் ஓட்டக்காரரா?

ஆமாம், மூசின் ஷெஹிபி. அவரும் 800. ஏதென்ஸில் ஆண்கள் இறுதிப் போட்டியில் நான்காவது, 1:45.16. அந்த வீட்டில் வெள்ளி மனைவிக்கு.

ஹஸ்னா எத்தனை தங்கம் வாங்கியிருக்கிறார்?

உலக அளவில் ஒன்று. லிஸ்பன், 2001. முதல் பதிலில் இருக்கிறது.

அப்போ 800-ல் தங்கம்?

முதல் பதில்.

தென்னாப்பிரிக்க 800 வீராங்கனை காஸ்டர் செமென்யாவின் ஹார்மோன் அளவு விவகாரத்தில் உங்கள் நிலை?

இன்றைக்கு இல்லை. அதற்கு விதிகளையெல்லாம் வைத்துக்கொண்டு தனியாக உட்கார வேண்டும்.

800 ஸ்பிரிண்டா, தொலைதூர ஓட்டமா? எங்கள் பி.டி. சார் ஸ்பிரிண்ட் என்கிறார்.

இரண்டுக்கும் நடுவில். இரண்டு நிமிட ஓட்டத்தில் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மூச்சுக்காற்றிலிருந்து வருகிறது. ஆனால் 400-ல் வேகம் இல்லாதவர் உலக இறுதிப் போட்டிக்கு வர முடியாது. ஹஸ்னா 1500-லும் ஜெயித்தவர், ஜெலிமோ 400 பக்கமிருந்து வந்தவர். இரண்டு வழியாகவும் பெய்ஜிங் மேடைக்கு வரலாம் என்று அவர்களே காட்டிவிட்டார்கள். உங்கள் பி.டி. சாருக்கு என் வணக்கம்.

மொராக்கோக்காரர்கள் எல்லாரும் மலையில் பயிற்சி எடுக்கிறார்களாமே?

இஃப்ரான். அட்லஸ் மலையில் 1,600 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். எல்லாரும் இல்லை, பலர்.

நவால் 800-ல் எத்தனை...

400 தடை ஓட்டம். 400. தடை.

என் மகளுக்குப் பதினான்கு வயது. பள்ளிப் போட்டியில் 800-ஐ 2:26 ஓடுகிறாள். முதல் சுற்று 66, இரண்டாவது 80. கடைசி நூறில் நின்றே விடுகிறாள். ஹஸ்னா மாதிரி முடிக்க என்ன செய்யலாம் சார்?

நல்ல கேள்வி. இன்று வந்ததிலேயே நல்லது. முதல் சுற்றை 71-ல் போகச் சொல்லுங்கள். எல்லாரும் முன்னால் ஓடுவதைப் பார்த்துப் பதறுவாள், பதறினால் பரவாயில்லை. 500 மீட்டர் வரை நான்கைந்து பேருக்குப் பின்னால், ஆனால் தொட்டுவிடும் தூரத்தில் இருக்கட்டும். இரண்டாவது சுற்று 73 வந்தாலே மொத்தம் 2:24. ஒரு துளி வேகம்கூடக் கூடாமல் இரண்டு வினாடி லாபம்.

பயிற்சியில் தினமும் 400-ஆக ஓடவிட்டு அவளைக் கசக்காதீர்கள். வாரத்தில் மூன்று நாள் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் அரை மணி நேரம், ஒரு நாள் 200 மீட்டர் ஆறு முறை, நடுவில் நன்றாக ஓய்வு. ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஷூ) போட்டி நாளுக்கும் அதற்கு முந்தைய ஒன்றிரண்டு பயிற்சிக்கும் போதும். ஏதென்ஸ் இறுதிப் போட்டி வீடியோவைப் போட்டு, ஜெயித்தவரை விட்டுவிட்டு ஹஸ்னாவை மட்டும் 400-லிருந்து கவனிக்கச் சொல்லுங்கள். அடுத்த போட்டி முடிந்ததும் இரண்டு சுற்றின் நேரத்தையும் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள்.